சப்பாத்தோடு உறங்கிய எங்கள் அண்ணர்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்தவுடன் குத்துவிளக்கையும் தாமரையையும் தேடுவீர்கள். அட்டையில் இருக்கின்றன. தேவாரம் அதற்கடுத்த பக்கத்தில். மாவட்ட அரசு அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுதுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முறை தவற விடமாட்டேன்.

எங்கள் அண்ணர் சாவகச்சேரியில் பிறந்து, கொழும்பில் கணக்காளராக உயர்ந்து, பின்பு புலம்பெயர்ந்து, மோர்னிங்சைட்டில் மாடிக் குடியிருப்பொன்றில் மாரடைப்பால் காலமானார். எவரையும் கடிந்து பேசாதவர். அவருடைய நற்குணங்களை அஞ்சலிக் கூட்டத்தில் ஆளாளுக்குப் புகழ்ந்துவிட்டீர்கள். நீங்கள் விட்டதை எழுதுகிறேன்.

அண்ணர் காலில் நாடா இறுக்கிய சப்பாத்தோடு உறங்குவார். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டுப் பந்திகளில் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். "அத்தார், சாமத்தில பஸ் பிடிக்க வேணுமோ, சப்பாத்தோட படுக்கிறியள்?" என்று அண்ணியின் தம்பி, பிறம்ரனில் இருக்கும் மச்சான், முகத்துக்கு நேரே கேட்டார். அண்ணரும் சேர்ந்து சிரித்தார்.

காரணத்தை அறிந்தவள் அண்ணரின் மகள். நாசிகளின் முகாமிலிருந்து தப்பிய யூதத் தகப்பன் ஒருவரின் கதையைச் சித்திரங்களாகச் சொல்லும் புத்தகத்தைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அண்ணர் அதைப் புரட்டி, அந்தத் தகப்பன் நித்திரையில் முனகும் பக்கத்தைக் காட்டிக் கேட்டாராம்.

"உந்த மனுசனும் வீட்டில ஒருத்தரையும் நித்திரை கொள்ள விடேல்லையோ?"

"ஓம் அப்பா. சேம், உங்களைப் போலத்தான்."

"அப்ப நீயும் படம் கீறு. நான் சொல்லுறன்."

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் வெள்ளவத்தை வீட்டுக்குத் தீ வைத்தபோது அண்ணர் வெறுங்காலோடு ஓடினார். யன்னல் கண்ணாடி பாதத்தைக் கிழித்தது. சிறுமியான மகளைத் தூக்கிக்கொண்டு நொண்டியவர், அண்ணியையும் மகனையும் முன்னால் ஓடச் சொன்னார். பின்தங்கிய இருவரையும் சிங்கள அயலவர் ஒருவர் வீட்டுக்குள் இழுத்துக் காப்பாற்றினார். முன்னால் ஓடியவர்கள் சந்தியில் கும்பலிடம் அகப்பட்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. உடலில்லாத மரணத்தைப் பதிவது எப்படி என்று அறிந்தவன் ஆதலால், பதிவை நானே செய்தேன்.

"சப்பாத்து இருந்திருந்தால் நாலு பேரும் சேர்ந்து ஓடியிருப்பம்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் சொன்ன விளக்கம்.

மலர்க் குழு கூடியபோது மச்சான் எழுதிவந்த வரைவில், அண்ணி 'சுகவீனத்தால் சிவபதமடைந்தார்' என்றிருந்தது. அவருடைய கூடப்பிறந்த அக்கா. மகள் கீறிய சித்திரங்களில் ஒன்றையாவது போடவேண்டும் என்றேன்.

"உது நினைவு மலரோ, கொமிக் புத்தகமோ? பெட்டைக்குக் கலியாணம் பேச வேணும். தேப்பன் விசரன் எண்டு சனம் கதைக்கும்" என்றார் மச்சான்.

மகள் கேட்டாள்: "மாமா, அம்மாவுக்கு என்ன வருத்தம் எண்டு போடப் போறீங்கள்?"

மச்சான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். பெயருக்கு முன்னால் பட்டம் போடும் இன்னொருவர் உதவிக்கு வந்தார்: "பொதுவாக் காய்ச்சல் எண்டு போடலாம்."

குழு ஏகமனதாக அதை ஏற்றது. ஆனால் அச்சுக்கு முந்திய இறுதிப் பிரதியில் ஒப்பமிடும் சிரமத்தை ஒருவரும் ஏற்கவில்லை. அது என் தலையில் விழுந்தது. ஒப்பமிடுபவன் திருத்தவும் செய்யலாம். நான் திருத்தினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சமைத்தவர்களுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், ரெக்ஸ்டேலிலிருந்து பனியில் வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாத அந்த வெள்ளவத்தை அயலவருக்கு முதல் நன்றி. அண்ணரிடம் ஏன் என்று கேட்காத உறவினருக்கும் நன்றி, வந்து சாப்பிட்டீர்கள்.

அடுத்த பக்கத்தில் மகளின் சித்திரம் இருக்கிறது. அண்ணர் உறங்குகிறார். காலில் சப்பாத்து. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போது சிரிக்கலாம்.