சங்கமத்தில் காவிரியில் இறங்கிய காலை

"முழங்கால் அளவு தண்ணின்னா யாரோட முழங்கால் மிஸ்?"

பல வருடங்களுக்கு முன்பு, ஐந்தாம் வகுப்பில் வாய்க்கால் ஆழம் பற்றி ஒரு கணக்கு நடத்தியபோது ஒரு பெண் என்னைக் கேட்டாள். வகுப்பிலேயே குள்ளம் அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வகுப்பிலேயே உயரம். இருவரையும் நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்கால்வரை ஸ்கேலால் அளந்து காட்டினேன். வித்தியாசத்தைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அது எவ்வளவு நல்ல கேள்வி என்பது போன சிவராத்திரிக்கு முன்னால், சங்கமத்தில் காவிரிக் கரையில் நின்றபோதுதான் முழுதாகப் புரிந்தது.

இந்தப் பயணம் என்னுடையது அல்ல, என் நாத்தனார் சரோஜாவுடையது. நான் கூடப் போனவள். பெங்களூரு ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் மகன் பிரபு சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் ஆட்டோ கவிழ்ந்து கால் நசுங்கிப் பல மாதம் கட்டிலில் கிடந்தான். ஊன்றி நடப்பது சந்தேகம்தான் என்றார்கள். அப்போது அவன் கட்டில் பக்கத்தில் நின்று சரோஜா வேண்டிக்கொண்டாள்: "இவன் காலு தரையில படட்டும் மாதப்பா. என் காலும் தரையில பட்டே உன் மலைக்கு வரும்." அதாவது, வீட்டு வாசலிலிருந்து மாதப்பன் என்னும் மாதேஸ்வரனின் மலைவரை எந்த வண்டியிலும் ஏறக் கூடாது, செருப்பும் போடக் கூடாது. பிரபு இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறான், ஆனால் நடக்கிறான். அதனால் இவளும் நடக்க வேண்டும்.

வருடா வருடம் எங்கள் பக்கத்திலிருந்து நடந்துபோகும் குழு ஒன்று இருக்கிறது. மஞ்சுநாத் என்பவர் அழைத்துப்போகிறார். ஆறடி ஆள், வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். கனகபுரா வழியாகச் சங்கமம், அங்கிருந்து காட்டு வழி, பிறகு மலை. வரைபடக் கணக்கில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஏழு நாளில் என் கைபேசி காட்டியது 163. மூட்டை முடிச்சுகளை ஒரு டெம்போ கொண்டுவரும். ஆளுக்கு எழுநூறு ரூபாய் கொடுத்தோம்.

விடியற்காலை நாலரைக்கு வாசலில் கற்பூரம் கொளுத்திக் கிளம்பினோம். இந்தப் பதிவின் முதல் படம் அதுதான். சரோஜா படத்தில் முறைப்பதுபோல இருப்பாள். கோபம் இல்லை, பிரபு வாசலில் நின்று கையாட்டியதால் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள். பனசங்கரி தாண்டியதும் தலைக்கு மேலே மெட்ரோ ஓடிக்கொண்டே இருந்தது. "அஞ்சு நிமிஷத்துல போற தூரத்த ஒண்ணரை மணி நேரமா நடக்கறோம்" என்றாள் எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் கீதா. சரோஜா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதல் நாள் ராத்திரி கக்கலிபுராவில் தங்கினோம், சுமார் 26 கிலோமீட்டர்.

இரண்டாவது நாளிலிருந்து சாலையின் குணமே மாறிவிட்டது. ஹாரோஹள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு இரண்டு கிலோமீட்டருக்கும் ஒரு ஷாமியானாப் பந்தல். மோர், தர்பூசணி, சித்ரான்னம், வெந்நீர். யாரும் ஊர் கேட்பதில்லை, பேர் கேட்பதில்லை. ஓர் இடத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒருவர் நடப்பவர்களின் பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன். "கொடுங்க அம்மா, எங்க அம்மாவுக்குத் தேய்க்கறேன்னு நெனச்சுக்கறேன்" என்றார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றே பழகிய கால் இது. இன்னொருவர் கையில் அது இருந்த அந்த ஐந்து நிமிடம் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவருடைய கை மட்டும் தெரியும் படம் ஒன்று கீழே இருக்கிறது. முகம் எடுக்க வேண்டாம் என்றார்.

மூன்றாம் நாள் கனகபுரா தாண்டி தொட்ட ஆலஹள்ளியில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஏன் மஞ்சண்ணா, ஆத்துப் பாலம் இன்னும் எவ்ளோ தூரம்?" என்று சாதாரணமாகக் கேட்டாள் சரோஜா.

"பாலமா? எந்தப் பாலம் அக்கா? ஹொளெல எறங்கி நடக்கறதுதான். ஏனு ஆகல்லா, நீரு மண்டிவரெகே அஷ்டே." ஹொளெ என்றால் ஆறு. ஒன்றும் ஆகாது, முழங்கால்வரைதான் தண்ணீர் என்கிறார்.

சரோஜா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "உன் மண்டியா, என் மண்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஞாபகம் வந்தது. சரோஜா சிரிக்கவில்லை. சோற்றை அப்படியே பிசைந்துகொண்டிருந்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் தெரியும். சரோஜாவுக்குத் தண்ணீர் என்றால் அத்தனை பயம். அல்சூர் ஏரியோரம் போனால்கூட வேலியை விட்டுச் சாலையின் எதிர்ப்பக்கம்தான் நடப்பாள். ஆறு என்றால் பாலம் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று மஞ்சுநாத் சொல்லாமல் விட்டுவிட்டார்.

வழி இல்லாமல் இல்லை. பயப்படுகிறவர்களுக்குப் பரிசல் உண்டு. எங்கள் டெம்போவும் கனகபுராவுக்குத் திரும்பி, மளவள்ளி, கொள்ளேகால் சுற்றிக்கொண்டு அக்கரைக்கு வரும், அதில் ஏறிக்கொள்ளலாம். டெம்போ வண்டி, அதில் சந்தேகம் இல்லை. பரிசலைப் பற்றித்தான் அன்று மாலைவரை வழியெல்லாம் வழக்கு நடந்தது.

"பரிசல் எப்படி வண்டியாகும்? சக்கரம் இல்ல, இன்ஜின் இல்ல, ஒரு ஹார்ன்கூட இல்ல" என்றாள் கீதா.

"மெதக்குதுல்ல? கால் தரையில படாது. அவ்ளோதான்" என்றாள் சரோஜா.

"சரி, நான் மாதப்பன்கிட்ட பேசிக்கறேன். எங்க ஆளு கொஞ்சம் குள்ளம், அட்ஜஸ்ட் மாடிக்கோ சாமின்னு."

"நீ உன் வாய அட்ஜஸ்ட் பண்ணுடி மொதல்ல."

நாலாம் நாள் மாலை சங்கமம் வந்துசேர்ந்தோம். அர்க்காவதி வந்து காவிரியில் கலக்கும் இடம். சுற்றுலாப் படங்களில் பார்த்திருப்பீர்கள், எட்டுப் பேர் கரையில் குளித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பார்த்தது வேறு. கரை முழுக்க மனிதர்கள். மணலில் படுத்திருக்கிறார்கள், பாறையில் துணி காயப்போடுகிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள். எங்காவது ஒருவர் "உகே!" என்று போற்றிக் குரல் கொடுத்தால் கரை முழுக்க "உகே மாதப்பா!" என்று எழும்பி அக்கரைக் காட்டில் மோதித் திரும்பி வருகிறது. நான் ஆயிரம் பிள்ளைகள் ஒரே குரலில் பாடும் பள்ளி அசெம்பிளிகளைப் பார்த்தவள்தான். ஆனால் அங்கே யாராவது ஒருவர் முன்னால் நின்று கையசைப்பார். இங்கே முன்னால் யாரும் இல்லை. ஆறு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் முறை வந்தது. கரைக்குக் கரை கயிறு கட்டியிருந்தார்கள். இடையிடையே மீட்புப் பணியாளர்கள் தண்ணீரிலேயே நின்றார்கள். சூரியன் முகத்தில் அடிக்க, வரிசை வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. தலையில் பை, தோளில் பிள்ளை, வாயில் சாமி பேர். கைபேசிகளை வாங்கி பாலிதீன் பையில் கட்டி மஞ்சுநாத் தலையில் வைத்துக்கொள்ளும் முன் எடுத்த கடைசிப் படம் இந்த வரிசைதான். பாதி வெளிச்சம், பாதி நிழல். நேரில் பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை.

சரோஜா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே சாலையில் டெம்போக்காரர் ஹார்ன் அடித்தார். வருகிறவர்கள் வரலாம் என்று அர்த்தம்.

"நீங்க போங்க அண்ணி. நான் அதுலயே..." என்று மேலே சாலையைக் காட்டினாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டெம்போவில் போகாதே என்றால் அவள் உயிருக்குப் பயம். போ என்றால் அவள் வாக்குப் போய்விடும். டெம்போ இரண்டாம் முறை ஹார்ன் அடித்தது. மஞ்சுநாத் வந்து எங்கள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"மஞ்சண்ணா, தண்ணிக்கு அடியில என்ன இருக்கு? சேறா?" என்று கேட்டாள் சரோஜா.

"இல்ல அக்கா. மணலு. அங்கங்க கல்லு, கொஞ்சம் வழுக்கும்."

"எல்லா எடத்துலயும் கால் படுமா?"

"படும்."

"எனக்கு?"

இம்முறை அவர் எழுந்து நின்று அவள் உயரத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், நடுவில் போய்க்கொண்டிருந்த ஒரு குள்ளமான அம்மாளைக் காட்டினார். "அவங்களுக்கு நெஞ்சுவரைக்கும் இருக்கு, பாருங்க. உங்களுக்கும் அவ்ளோதான். கால் படும்."

சரோஜா அந்த அம்மாள் அக்கரை ஏறும்வரை பார்த்தாள். பிறகு எழுந்து புடவையை வரிந்து கட்டினாள். "அப்போ அதுவும் தரைதானே அண்ணி" என்றாள். டெம்போவைப் பார்த்துக் கையை ஆட்டி, போகச் சொன்னாள்.

அவளுக்கு முன்னால் மஞ்சுநாத், பின்னால் நான், எனக்குப் பின்னால் கீதா. நான் அவள் விரலைக் கோத்துப் பிடித்தேன். தண்ணீரில் நின்ற மீட்புப் பணியாளர் கத்தினார்: "பெரளு பேடா! மணிக்கட்டு ஹிடீரி!" விரல் நழுவிவிடும், மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்தோம். கணுக்கால், முழங்கால், தொடை. பிப்ரவரித் தண்ணீர் பல்லைக் கிட்டவைத்தது. ஓடும் நீரைக் குனிந்து பார்த்தால் நாமே பக்கவாட்டில் ஓடுவதுபோல இருக்கும். ஓடும் ரயிலிலிருந்து பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்த்தால் தலை சுற்றுமே, அதுபோல. "மேலே மரத்தப் பாரு சரோ" என்றேன். அவள் கண்ணையே மூடிக்கொண்டுவிட்டாள்.

நடு ஆற்றில் எனக்கு இடுப்பு, அவளுக்கு நெஞ்சு. அங்கேதான் ஒரு கல் வழுக்கியது. அவள் கழுத்துவரை தண்ணீருக்குள் போனாள். என் கையில் இருந்த அவள் மணிக்கட்டு ஒரு இழு இழுத்தது. அப்புறம் இழுப்பு நின்றது. வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு அவள் கத்தினாள்:

"பட்டுச்சு அண்ணி!"

அடுத்த காலை வைத்தாள். "பட்டுச்சு!"

முன்னால் போனவர்களுக்குத் தமிழ் தெரியாது. யாரோ ஒரு அம்மாள் சாமியைக் கூப்பிடுகிறாள் என்று, "உகே!" என்றார்கள். இவள் அடுத்த அடிக்கு "பட்டுச்சு!" என்றாள். அவர்கள் "உகே!" என்றார்கள். கொஞ்ச தூரத்தில் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கயிறு முழுக்க, ஒவ்வொரு அடிக்கும், ஒருத்தியின் குரலும் நூறு பேரின் பதிலும். எத்தனை கோயில்களில் எத்தனை வரிசையில் நின்றிருக்கிறேன்! சாமி பக்கத்தில் இருக்கிறது என்று சந்தேகமே இல்லாமல் தோன்றியது எனக்கு அந்த ஒரு காலைதான். இதற்குப் படம் கிடையாது. எல்லாக் கைபேசியும் மஞ்சுநாத் தலையில்.

அக்கரை ஏறியதும் சரோஜா உட்காரவில்லை. ஈரப் புடவையோடு திரும்பி நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தாள். "கீழ பாக்காதீங்க! அடியில தரை இருக்கு! வாங்க!" அவர்களும் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். இந்தப் படம் மட்டும் கீதா எடுத்தாள்.

பிறகு காடு. மூங்கில், காய்ந்த புல், பாதையோரம் யானைச் சாணம். வனத்துறையினர் கூட்டம் கூட்டமாகத்தான் அனுப்புகிறார்கள். ஷாக்யாவில் ஒரு ராத்திரி தங்கினோம். ஆறாம் நாள் கௌதள்ளியில் சிக்னல் வந்ததும் சரோஜா மகனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"டெம்போலதானே சுத்தி வந்த? உண்மையச் சொல்லும்மா."

"நடந்துதான்டா வந்தேன்."

"ஆத்துலயா? நீயா?"

"நானேதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "டேய், அழறியா?" என்றாள். "நீதான் அழற" என்றான். இரண்டும் உண்மை.

ஏழாம் நாள் காலை தாளபெட்டாவிலிருந்து மலை ஏறினோம். கோபுரம் தெரிந்த வளைவில் ஒரு கணம் நின்றாள். பிறகு செருப்பில்லாத அந்த இரண்டு காலையும் குனிந்து பார்த்துவிட்டு நடந்தாள். தரிசனத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது. திரும்புவதற்குப் பேருந்து. கர்நாடகப் பெண்களுக்கு அரசு சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஏறி உட்கார்ந்ததும் சரோஜா தூங்கிவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இந்த வழி சிவராத்திரியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே. அனுமதி வருடத்துக்கு வருடம் மாறும், கிளம்பும் முன் வனத்துறையிடமும் காவல்துறையிடமும் கேளுங்கள். கயிறும் மீட்புப் பணியாளர்களும் இல்லாத நாளில் ஆற்றில் இறங்கவே வேண்டாம், எவ்வளவு குறைவாகத் தண்ணீர் தெரிந்தாலும் சரி. மாற்றுத் துணியை டெம்போவில் போடாமல் தலையில் சுமந்து வாருங்கள். டெம்போ எங்களைவிட ஐந்து மணி நேரம் தாமதமாக வந்தது. ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் எட்டு கிலோமீட்டர் நடந்து பழகுங்கள். உங்களோடு வருகிறவர் எதற்காவது பயந்தால், தைரியம் சொல்ல அவசரப்படாதீர்கள். தனக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை அவரே கேட்கட்டும். அதற்கு மட்டும் சரியான பதில் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்கள் இதைச் செய்து பாருங்கள்: ஆபத்தில்லாத ஓடை ஒன்றில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கணுக்கால் நனைய இறங்கி, கண்ணை மூடி, உள்ளங்காலை மட்டும் கவனித்தபடி பத்து அடி நடங்கள்.