நெட்டைக் குடித்த டிரம்கள்

எர்ணாவூரில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தால் வீட்டில் நெட் போய்விடும். இதைச் சொன்ன அன்று அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

வைஃபை ரவுட்டர் கூடத்து மூலையில். அதற்கு முன்னால் தண்ணீர் பிடிக்க மூன்று நீல டிரம்கள். மேசைக் கணினியோ உள்ளறையில், கூடத்தில் அதற்கு இடமில்லை. ரவுட்டர் தகவலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ரேடியோ அலையில் அனுப்பும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டாலே சோர்ந்துவிடும். 2.4 எப்படியோ சுவரைத் தாண்டிவிடும். நிறைந்த டிரம்மிடம் இரண்டின் ஜம்பமும் பலிக்காது, தண்ணீர் உறிஞ்சிவிடும். நெட்வொர்க்கிங் படித்த எனக்கே இதைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆனது. வெட்கக்கேடு.

ஒரு வருடம் அலைந்து எனக்குக் கிடைத்த ஒரே நேர்காணல், வீடியோவில், காலை பதினொரு மணிக்கு. பத்து மணிக்கு லாரி வந்து தொலைத்தது. அம்மா மூன்று டிரம்மையும் ததும்பத் ததும்ப நிரப்பிவிட்டாள். சிக்னல் ஒற்றைக் கோடு.

"அந்தப் பொட்டிய இந்தாண்ட வையேன்டி."

"ஒயரு எட்டாதும்மா!"

நிறைந்த டிரம்மை நகர்த்தத் துறைமுகத்து கிரேன்தான் வர வேண்டும். குளித்துவிட்டு வந்த அப்பாவை மறுபடி குளிக்க விரட்டினேன். துவைத்த துணியையே மறுபடி ஊறவைத்தேன். கோடு அசையவில்லை. கீழே கொட்டிவிடலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அழுகை வந்துவிட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே போனாள். லாரி வரிசைச் சண்டையில் இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டு அம்மாவின் கதவைத் தட்டினாள்.

"யக்கா, கொடம் எடுத்துகினு வா. ரெண்டு டிரம் கீது, மோந்துக்கோ. பொண்ணுக்கு இண்டர்வியூ."

"இன்னா, தண்ணில எதுனா கலந்துகிறியா?"

அம்மா ஒரு சொம்பு மொண்டு அவர் முன்னாலேயே மடமடவென்று குடித்துக் காட்டினாள். பிறகென்ன, மாடி முழுக்கக் குடத்தோடு வந்துவிட்டது. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இரண்டு டிரம்மும் காலி, குடிக்கவும் சமைக்கவும் ஓரத்து டிரம் மட்டும் மிச்சம். திரையில் அதிகாரியின் மூக்கு முடிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

வேலை கிடைத்தது. அடுத்த லாரி வர நாலு நாள் ஆனது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை. அம்மா மட்டும் தினமும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாள்.