இரண்டு விரல் இடம்

கும்மிடிப்பூண்டி பஜாரில் நாய், பூனைகளுக்கான தீனியும் சோப்பும் பெல்ட்டும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. போன மாதம் அங்கே போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ஷாம்பு புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வாசனை நாய் மேல் நாலு நாளாவது நிற்கும் என்று கடைக்காரரிடம் கேட்டார். அவர் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனாலும் ஆத்திரம் வந்தது.

"வாசனைய வுடு சார். அது கழுத்துல விரல வுட்டுப் பாத்து எத்தினி நாள் ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைக்காரருக்கு என்னைத் தெரியும் என்பதால் ஏதோ சொல்லி மழுப்பினார். முன்பின் தெரியாத ஆளிடம் அப்படிக் கேட்டது தப்புதான். அந்த ஆள் செய்துகொண்டிருந்த அத்தனையும் நான் செய்தது. அதனால்தான் கேட்டேன்.

எனக்கு வேலை தொழிற்பேட்டையில், பேரிங்குக்கான இரும்பு வளையங்கள் செய்கிற ஒரு கம்பெனியில். தரம் பார்க்கிற பிரிவு. ஷிஃப்ட் முழுக்க வளையத்தை எடுப்பேன், உள்பக்கம் விரலை ஒரு சுற்று ஓட்டுவேன், பிசிறு தட்டினால் சிவப்புத் தட்டில் போடுவேன். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரிந்துவிடும். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. என் விரலை ஏமாற்றிவிட்டு ஒரு வளையம் வெளியே போனதில்லை என்று கேன்டீனில் பீற்றிக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள்.

கூட வேலை செய்கிற ஒருவர்தான் குட்டியைக் கொடுத்தார். பொமரேனியன் கலப்பு. தாய் நல்ல வெள்ளை, இது மட்டும் அட்டைக் கறுப்பு. எங்கள் பக்கத்தில் கறுப்பு நாய்க்கெல்லாம் வைக்கிற பேரையே இதற்கும் வைத்தோம். உடம்பு கொஞ்சம், முடி நிறைய. கழுத்தைச் சுற்றி மட்டும் சால்வை போர்த்தியது போல அடர்த்தியாக இருக்கும்.

எங்கள் வீடு கவரைப்பேட்டைக்கு மேற்கே, சொந்த நெல் வயலை ஒட்டி. பக்கத்து வீடு என் அக்காவுடையது. மாமா தவறிப்போன பிறகு இரண்டு குடும்பத்து நிலத்தையும் அவள்தான் பார்க்கிறாள். குட்டி வந்த அன்று சாயங்காலமே ஒரு கறுப்புக் கயிறும் அதில் கோத்த நீல மணியுமாக வந்தாள். ஊர்க்கண் பொல்லாதது என்றாள். குட்டி துள்ளாமல் இருக்க நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் மூன்று முடிச்சுப் போட்டாள். அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். அத்தனை பேரும் இதயம் போட்டார்கள். ஒரு மாதத்தில் அந்த முடிக்குள் கயிறு மறைந்துபோனது. கறுப்பு முடியில் கறுப்புக் கயிறு. நாங்கள் மறந்துவிட்டோம். எங்கேயோ அறுந்து விழுந்திருக்கும் என்று நினைத்ததாகக்கூட ஞாபகம் இல்லை. அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அதற்காக நான் நாயைக் கவனிக்காத ஆள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மோட்டார் போட்டு, ஹோஸ் பைப் பிடித்து, பைக்குக்கு ஒரு கழுவு, நாய்க்கு ஒரு கழுவு. இரண்டு தடவை ஷாம்பு. அதற்கென்று தனித் துண்டு, தனிப் பவுடர், தனிச் சீப்பு. முதுகையும் வாலையும் சீவி, வெயிலில் நிற்கவைத்துப் போட்டோ. தடுப்பூசி போட்ட அட்டையில் ஒரு கட்டம் விடுபடவில்லை. பூச்சி மருந்து தவறியதில்லை. கழுத்தில் பெல்ட் மாட்டினால் நாய்க்கு வலிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, மார்பில் மாட்டுகிற பட்டையாகப் பார்த்து வாங்கினேன். கழுத்து நோகக் கூடாதாம். இதை எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

எட்டாவது மாதம் வாடை வர ஆரம்பித்தது. வயலில் செத்த எலி எதிலாவது புரண்டுவிட்டு வந்திருக்கும் என்றேன் நான். வாய்க்காலில் நண்டைத் தின்றிருக்கும் என்றாள் என் மனைவி. வாரம் ஒரு குளியலை இரண்டாக்கினேன். ஷாம்புவை மாற்றினேன். போகாத வாடைக்கு மேல் பவுடரைக் கொட்டினேன், அதுவும் கழுத்துப் பக்கமாக நிறையக் கொட்டினேன். நாய் கத்தியது. பைப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. குளிக்கச் சோம்பேறி என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஆறாத புண்ணில் ஷாம்புவை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், சிரித்துக்கொண்டே.

ஒரு நாள் சீப்பு கழுத்து முடியில் சிக்கிக்கொண்டது. சிக்கு என்று நினைத்து வெடுக்கென்று இழுத்தேன். என் உள்ளங்கையைக் கவ்விவிட்டது. அது என்னைக் கடித்தது அதுதான் முதல் தடவை. காலில் இருந்த செருப்பைக் கழற்றி மூன்று அடி போட்டேன். மூன்றாவது அடிக்கு அது ஓடவில்லை, படுத்துவிட்டது.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறவர், நல்லது கெட்டதற்கு முதலில் வந்து நிற்கிற மனிதர். அவர்தான் வந்தார்.

"வெறி புடிச்சிக்கினு கீது நைனா. கொழந்தைங்க ஓடியாடுற எடம். ஞாயித்துக்கெழம லோடு ஏத்திக்கினு சூலூர்பேட்ட போறேன். அந்தாண்ட எங்கனா எறக்கி வுட்டுட்டு வந்துர்றேன்."

தடுப்பூசி அட்டை அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். சரி என்றேன். என்னைக் கடித்த நாய் எனக்கு எதற்கு என்ற கோபம். இத்தனை செய்தும் கடிக்கிறதே என்ற கோபம். ஆந்திரா பார்டர் தாண்டி ஹைவே ஓரத்தில் இறக்கிவிட்டால், வீட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த நாய் ஒரு நாள் தாங்காது. லாரி இல்லாவிட்டால் மற்ற நாய்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சரி என்றேன்.

என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை காலை நாஷ்டா தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "சாவ அடிக்கிறதா இருந்தாலும் டாக்டரு ஒரு வாட்டி பாத்துட்டுச் சொல்லட்டும்."

தக்காளிக் கூடை ஒன்றில் நாயை வைத்து, மேலே சாக்கைக் கட்டி, அவள் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். பைக்கில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். ஆடுகளும் இரண்டு கன்றுக்குட்டிகளும் எங்களுக்கு முன்னால் நின்றன. டாக்டரம்மா நடுவயது. என்ன பிரச்சினை என்று கேட்டார். கடித்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லாமல், நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். வாரத்துக்கு எத்தனை குளியல், என்ன ஷாம்பு, எந்தத் தீனி. அட்டையை நீட்டினேன். இப்போது மட்டும் அட்டை கையில் இருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, துணிப்பட்டையால் நாயின் வாயைக் கட்டினார். காதுக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் கழுத்து முடிக்குள் இறக்கினார். கை நின்றது.

"கழுத்துல என்ன கட்டியிருக்கீங்க?"

ஒன்றுமில்லை, மார்புப் பட்டை மட்டும்தான் என்றேன்.  மயக்க ஊசி போட்டுவிட்டு, முடியை மழிக்கும்படி உதவியாளரிடம் சொன்னார். கறுப்பு முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்துவிட்டு என் மனைவி வெளியே போய்விட்டாள். சோப்புக் கட்டியை நூலால் அறுத்தால் எப்படி நேராக உள்ளே இறங்குமோ அப்படி, கழுத்தைச் சுற்றி ஒரு வெட்டு. கயிறு வெளியே தெரியவே இல்லை. சதை அதன் மேல் மூடியிருந்தது. மூடாத இடத்தில் புழு நெளிந்தது.

டாக்டரம்மா சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கி, இடுக்கியால் மெல்ல மெல்ல இழுத்தார். முழுசாக வந்தது. கடைசியில் அந்த நீல மணியும் வந்தது. மூன்று முடிச்சும் அவிழாமல் அப்படியே இருந்தன.

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "நாய் வளரும், கயிறு வளருமா?" என்றார். இன்னும் சில நாள் போயிருந்தால் மூச்சுக்குழாயைத் தொட்டிருக்கும் என்றார். எதைக் கட்டினாலும் இரண்டு விரல் உள்ளே போகிற இடம் வேண்டும், வாரா வாரம் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு என் கையில் இருந்த கடிக்காயத்தைப் பார்த்தார்.

"இதுக்கு வெறி எல்லாம் இல்லைங்க. வலிக்குதுன்னு சொல்லியிருக்கு."

கயிற்றையும் மணியையும் பஞ்சில் சுற்றி என்னிடம் கொடுத்து, கட்டினவர்களிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். எனக்கு வேண்டியதும் அதுதான். கட்டினவர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஊர்க்கண்ணாம், திருஷ்டியாம், இந்த எழவுக் கயிறு இல்லாவிட்டால் என் நாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினேன். பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏதோ சரியாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் பஞ்சைப் போட்டேன். என்ன பேசினேன் என்று முழுக்க எழுத எனக்குக் கை வரவில்லை. வயதில் மூத்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள் என்றும் பார்க்காமல் பேசினேன். மாமா போனதைக்கூட இழுத்தேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, பஞ்சைப் பிரித்தாள். மணியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.  நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் ஒரு நாளு கட்னேன்டா. அறிவு கெட்டுப் போயி கட்டிட்டேன். நீ வாரா வாரம் குளிப்பாட்டிக்கினு இருந்தியே, உன் கையி எங்கடா போச்சு?"

 அவள் மறுபடி உட்கார்ந்து மீதிப் பாத்திரத்தைக் கழுவினாள். எண்ணிப் பார்த்தால் முப்பதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகள். இரும்பு வளையத்தில் மயிரிழைப் பிசிறைத் தேடுகிற இதே விரல். ஒரு தடவை, ஒரே ஒரு சுற்று, அந்தக் கழுத்தில் ஓட்டியிருந்தால் போதும். முதுகைத் தேய்த்தது. வாலைத் தேய்த்தது. போட்டோவில் எது தெரியுமோ அதைத் தேய்த்தது.

எதிர்வீட்டுக்காரரிடம் போய் நாய் வராது என்றேன். டாக்டரே சொல்லியாச்சா, அப்புறம் இன்னா பேஜாரு என்று சொல்லிவிட்டு, மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு அது அவ்வளவுதான். புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. காலையும் மாலையும் மருந்து போட வேண்டும், ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கூப்பிடாமலே அக்கா வந்து பிடித்துக்கொண்டாள். அந்த ஒன்றரை மாதமும் நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. அவள் பிடிப்பாள், நான் போடுவேன். நாய் எங்கள் இரண்டு பேர் கையையும் மாற்றி மாற்றி நக்கும். செருப்பால் அடித்த கையை நக்குகிற அதைப் பார்த்தால் அதன் மேலேயே எனக்குக் கோபம் வரும். கடித்தது ஒரே தடவை. இன்னும் நாலு தடவை கடித்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்குமே.

இப்போது ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் அதன் கழுத்தில் இரண்டு விரலை விட்டு ஒரு சுற்று ஓட்டுகிறேன். அங்கே கட்டியது எதுவும் இல்லை, இனிக் கட்டப் போவதும் இல்லை. இருந்தாலும் ஓட்டுகிறேன். நான் கிட்டே போனாலே அது மோவாயைத் தூக்கிக் காட்டுகிறது.

வெட்டு இருந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வடு. தூரத்திலிருந்து பார்த்தால் பெல்ட் போலவே இருக்கும். போன வாரம் எதிர்வீட்டுக்கு விருந்தாக வந்த ஒருவர் எங்கள் கேட்டில் கையை வைத்துக்கொண்டு நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெல்ட்டு நல்லா கீதே சார். இன்னா கடையில வாங்கனது?"

"கடையில வாங்கல. நான் போட்டது" என்றேன்.