பத்தாயிரத்து ஒன்று

சாரல் காலத்தில் சிலேட்டில் எழுத்து சரியாகப் பிடிக்காது. ஈரக் கல்லின் வாடை மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டே வரும். அந்த வாடையோடுதான் நானும் என் வகுப்புத் தோழி இசக்கியம்மாளும் அவளுடைய அப்பா ஓட்டும் மாட்டு வில்வண்டியில் குற்றாலத்திலிருந்து தென்காசிப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். எங்களை இறக்கிவிட்டு, அருவிக்குக் குளிக்க வருகிறவர்களை ரயிலடியில் ஏற்றிக்கொண்டு அவர் திரும்பிவிடுவார். நான் வக்கீல் வீட்டுப் பெண். எட்டாம் வகுப்பில் கணக்கென்றால் நான்தான் என்று பெயர்.

ஒருநாள் கணக்கு டீச்சர் கரும்பலகையில் 10001 என்று எழுதி, அது பகு எண்ணா பகா எண்ணா என்று மறுநாள் சொல்லச் சொன்னார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போய், நூறு வரை எதிலும் மிச்சமில்லாமல் வகுபடாவிட்டால்தான் அது பகா எண். நான் பதின்மூன்று வரை வகுத்தேன். அலுத்துப்போய், பகா எண்தான் என்று முடிவுகட்டிச் சிலேட்டை ஓரமாக வைத்தேன்.

மறுநாள் வண்டியில் இசக்கி என் காதோடு சொன்னாள்: "ஏட்டி, இருபது எண்ணுலயும் மிச்சம் வந்துட்டு. இருபத்தொண்ணாவது எழுவத்தி மூணு. நூத்தி முப்பத்தேழு தடவை போவுது, மிச்சமே இல்ல!" அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பொறுக்கவில்லை.

வகுப்பில் டீச்சர் கேட்டு முடிக்குமுன் நான் எழுந்து, எழுபத்து மூன்றால் வகுபடும் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு டீச்சர் இசக்கியின் சிலேட்டிலும் அதே விடையைப் பார்த்தார்.

"இவளைப் பாத்து எழுதினியா?"

"இல்ல டீச்சர், நானாத்தான் போட்டேன்."

டீச்சர் என் பக்கம் திரும்பி, "நீ காட்டினியா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோழியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத நல்ல பெண் என்று அவர் எடுத்துக்கொண்டார். மணியடிக்கும்வரை இசக்கி முற்றத்தில் சாரலில் நின்றாள்.

சாயங்காலம் அவள் அப்பா, "ஏன் இப்படி நனைஞ்சிருக்க?" என்று கேட்டதற்கு, "சும்மா விளையாண்டேம்பா" என்றாள். அன்றிலிருந்து வண்டியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். என்னோடு பேசவில்லை. அந்த வருடத்தோடு அவள் படிப்பை நிறுத்தி, சில வருடங்களில் ராயகிரியில் கட்டிக்கொடுத்தார்கள்.

வெகுகாலம் கழித்துச் சுரண்டைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். "இசக்கி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடு" என்றாள். "அந்த நூத்தி முப்பத்தேழு இருக்குல்லா, அதையும் வகுத்துப் பாத்தேன். பதினொண்ணு வரைக்கும் பாத்தாப் போதும். அது வகுபடல, பகா எண்ணுதான். உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நாமதான் பேசலியே."

இன்று வண்டிகள் நின்ற இடத்தில் பஸ்கள் நிற்கின்றன. இசக்கியும் போய்விட்டாள். நான் கணக்கு டீச்சராகவே இருந்து ஓய்வு பெற்றவள். வருடா வருடம் கரும்பலகையில் இதே கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கண்டுபிடித்தவள் பெயரை ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை.