ஆயுத பூஜைக்குக் கழுவிய ரீல்

கடல் மீன்பிடிப்புக்கென்றே செய்த விலை உயர்ந்த, நூல் சுற்றும் தூண்டில் ரீல், கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் தூண்டிலைக் கையால் தொட்டது கிடையாது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் பெண் கேட்டாள். வீட்டு ஓனர் அம்மா பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் கேட்டார். ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரியில் கொள்ளு விதைக்கும் என் மாமனார் வீட்டில் பண்டிகைக்குப் பண்டிகை கேட்டார்கள். அதே வீட்டில் என் கொழுந்தன், சரியான ரோடுகூட இல்லாத ஊரில், ஊரே அதிரும்படி ஒரு பைக்கை வாங்கி வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறான். அது தகுமா என்று அவனை ஒருவரும் கேட்டதில்லை.

நான் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிறந்தது ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை. அங்கே அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட் இருக்கிறது. பொங்கல் லீவில், வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, அந்தப் போட்டில் ஏறிக் கடலில் தூண்டில் போடுவேன். மற்றபடி வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரி அணைக் கரையில் நின்று வீசிப் பழகுவேன். பொம்பளை ஒருத்தி தூண்டில் ராடு வீசினால் நாலு பேர் பைக்கை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒருவன் போட்டோவும் எடுப்பான். அவர்களுக்காக நான் நிறுத்தியதில்லை.

கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். மலிவான ரீல்கள் மூன்றைக் கடலுக்குப் பலி கொடுத்துவிட்டுத்தான் சொல்கிறேன். உப்பு யாரையும் மதிக்காது. முதல் ரீலின் கைப்பிடி அடுத்த பொங்கலுக்குள் இறுகிப்போனது. இரண்டாவதில் நூலை வழிநடத்தும் கம்பி வளையம் துருப்பிடித்து, வீசும்போதே உடைந்து விழுந்தது. மூன்றாவதுதான் என்னை நிஜமாகவே அழவைத்தது. பெரிய மீன் இழுக்கும்போது ரீலில் இருக்கிற டிராக் கொஞ்சம் கொஞ்சமாக நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். வண்டிக் கிளட்ச் மாதிரிதான். அது விட்டு விட்டுப் பிடித்ததில் நூல் அறுந்து மீன் போயிற்று. நல்ல ரீலில் காசு போவது இந்த டிராக்குக்கும், உப்புத் தண்ணீர் உள்ளே புகாமல் அடைக்கும் சீலுக்கும், உறுதியான உடம்புக்கும்தான். அதற்குக் கொடுக்கலாம். தங்கக் கலர் பூச்சுக்கும், பெட்டிமேல் பெருமையாகப் போட்டிருக்கும் பேரிங் கணக்கிற்கும் கொடுக்கத் தேவையில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் போகிறவளுக்கு இது எதற்கு என்பார்கள். அந்த ஒரு நாள்தான் எனக்கு இருக்கிறது. அதை மட்டமான ரீலிடம் ஒப்படைக்க எனக்கு மனசு வரவில்லை.

போனஸ் வந்ததும் வாங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. என் கணவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வூட்டுக்கு உதவற மாதிரி எதுனா வாங்கலாமில்ல?" என்றார். அவர் வேறொரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பிரிவில் இருக்கிறார். வீட்டில் இருக்கும் கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் நானும் சம்பாதித்து வாங்கியவைதான். எல்லாம் வீட்டுக்கு உதவுகின்றன. எனக்கென்று, எனக்கு மட்டும் என்று, அந்த வீட்டில் இருந்த ஒரே பொருள் அந்த ரீல். அதை அவருக்கு விளக்கிச் சொல்ல நான் முயற்சி செய்யவில்லை. செய்தாலும் புரிந்திருக்காது.

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளி தோற்றுவிடும். லேத்திலிருந்து லாரி வரைக்கும் கழுவிக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து சிப்காட் ரோடு முழுக்கச் சிவப்பாகக் கிடக்கும். அன்று எங்கள் கம்பெனியில் பூஜை முடிந்து, பொரி கடலைப் பையோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் என் கணவர் பலகை போட்டு வீட்டிலிருக்கும் மெஷின்களையெல்லாம் வரிசையாக வைத்திருந்தார். மிக்ஸி, டிரில், ஸ்பேனர் செட். அவற்றுக்கு நடுவில் என் ரீல். பளபளவென்று துடைத்து, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, கைப்பிடியில் ஒரு சாமந்தியும் செருகியிருந்தார்.

எனக்குச் சட்டென்று கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான். இத்தனை நாள் வேண்டாத பொருளாகப் பார்த்ததை இன்று ஆயுதம் என்று ஒப்புக்கொண்டு பலகையில் வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். குனிந்து கையில் எடுத்தேன். டீசல் வாடை அடித்தது.

"எதுக்குங்க இதுல டீசல் வாடை வருது?"

"நேத்தே கம்பெனிக்கு எடுத்துனு போயி சைடு மூடியத் தொறந்தேன். உள்ள ஒரே கொழகொழன்னு கிரீஸு. நல்லா டீசல் ஊத்திக் கழுவி, கம்ப்ரசர்ல காத்து அடிச்சி, மெஷின் ஆயில் உட்டிருக்கறேன். சுத்திப் பாரு, எப்பிடிப் போவுதுன்னு."

உண்மைதான், கைப்பிடி வழுக்கிக்கொண்டு போனது. போகாமல் என்ன செய்யும்? அந்தக் கொழகொழப்புதான் உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்த வேண்டியது. கம்ப்ரசர் காற்று சீலைத் தள்ளி, பேரிங்குக்குள் தூசியை ஏற்றியிருந்தது. மெஷின் ஆயில் போய் டிராக் தட்டுகளில் ஊறியிருந்தது. பதறிப்போய்க் கேட்டேன், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கற? மெஷினுன்னா கழுவணும். பதினஞ்சு வருசமா மெயின்டெனன்ஸ்ல இருக்கறன், எனக்குத் தெரியாதா?"

நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இப்போதும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. சென்னைக்கு அனுப்பிச் சரிசெய்யலாம் என்று விசாரித்தேன். பொங்கலுக்குள் திரும்பி வராது என்றார்கள். டிராக் தட்டுகளைத் துடைத்துக் காயவைத்து, கிடைத்த கிரீஸை வைத்து என்னால் முடிந்ததைச் செய்தேன். அந்த ஒரு நாளை விட மனசில்லை.

பொங்கலுக்கு இருவரும் என் ஊருக்குப் போனோம். மறுநாள் விடிந்ததும் அண்ணன் போட்டை எடுத்தார். என் கணவரும் வந்தார். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. முன்பக்கம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறும் நேரத்தில் என் ராடு வளைந்தது. மீன் பாறைப் பக்கம் ஓடிற்று. முதல் ஓட்டத்தில் டிராக் பிடியே இல்லாமல் நூலைக் கொட்டியது. ஒரு திருகு இறுக்கினேன், அப்போதும் பிடிக்கவில்லை. இன்னும் இறுக்கினேன். அப்படியே கடக்கென்று பூட்டிக்கொண்டது. ராடு நுனி தண்ணீரைத் தொட்டது. மீன் ஒரு நொடி பக்கவாட்டில் புரண்டு வெள்ளை வயிறு காட்டியது. பாரை. நான் வாழ்க்கையில் தூண்டிலில் பார்த்ததிலேயே பெரிய பாரை. நூல் பட்டென்று அறுந்தது.

"விடுத்தா, கையி அறுக்கலையில்ல?" என்று அண்ணன் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

என் கணவர் துண்டை விலக்கினார். "இம்மாங்காசு குடுத்து வாங்குனது இந்த லட்சணத்துக்குத்தானா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கடலில் தள்ளியிருப்பேன். அண்ணன் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். கரைக்கு வந்ததும் நிதானமாகத்தான் சொன்னேன், டீசலையும் காற்றையும் ஆயிலையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். "கழுவுனா கெட்டுப்போறது இன்னா ரீலு?" என்றார். அவர் பார்க்கிற வேலையில், எது பழுதானாலும் கடைசியாகப் பழியை ஆபரேட்டர் மேல்தான் எழுதுவார்கள். என்மேலும் எழுதிவிட்டார். ஊத்தங்கரைக்கும் செய்தி போயிற்று. அடுத்த தடவை போனபோது மாமியார் முதல் கொழுந்தன் வரை, கொடுத்த காசெல்லாம் கடலில் போயிற்றாமே என்று கேட்டுச் சிரித்தார்கள். பைக் அப்போதும் வேப்பமரத்தடியில்தான் நின்றது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அணைக்குக் கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "ஒருத்தர் வரார், டீ போடு" என்றார் கணவர். யார், எதற்கு என்று சொல்லவில்லை. கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் கம்பெனி வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். மங்களூர்ப் பக்கம் போய்க் கடலில் மீன் பிடிப்பாராம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நான் அடுப்படியில் பாலைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் ரீல் சுற்றும் சத்தம் கேட்டது. கரகர என்ற அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். என் ரீல். அலமாரியிலிருந்து எடுத்து வந்தவர் கையில் கொடுத்திருந்தார் என் கணவர்.

"லேசா கரகரங்குது சார். வாட்ஸ்அப் குரூப்ல நீங்க போட்டோ போட்டப்போ புதுசுன்னீங்களே?"

"புதுசுதான். ஒரே வாட்டிதான் கடலுக்கு எடுத்துனு போனேன்."

போனேன் என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்படியா! நீங்களும் பிடிப்பீங்களா சார்? எங்க, என்ன மாட்டுச்சு?"

"ராம்நாடு பக்கம், மச்சான் போட்ல. ஒரு பாரைங்க. இம்மாம் பெருசு. பாறைப் பக்கமா இழுத்துகினு ஓடுச்சி. நானும் டிராக்க இறுக்கிப் பார்த்தேன். புரண்டுச்சி பாருங்க, வெள்ளையா வயிறு தெரிஞ்சிது. அறுத்துகினு போயிடுச்சி. இப்பல்லாம் எனக்கு ஷிப்டுலயே நேரம் சரியா இருக்குது, அதான் குடுத்துரலாம்னு."

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அத்தனையும் பார்த்திருக்கிறார். வயிறு வெளுத்ததுகூட நினைவிருக்கிறது. ரீலைக் கெடுத்தார், பழியை என்மேல் போட்டார், கேட்காமல் விற்கவும் வந்துவிட்டார். இதெல்லாம் போதாதென்று என் கையிலிருந்து அறுத்துக்கொண்டு போன மீனையும் எடுத்துக்கொண்டார். அந்தத் தோல்விகூட எனக்கு மிச்சமில்லை.

டீயை எடுக்காமல் கூடத்துக்குப் போனேன். வந்தவரைப் பார்த்துச் சொன்னேன், "சார், மன்னிச்சுக்குங்க. அது என்னோட ரீல். அந்தப் பாரை என் தூண்டில்ல மாட்டுனது. ரீலுக்குள்ள டீசல் போயிருக்கு, உப்பும் போயிருக்கு. சரியா இருந்தாலும் நான் விக்கிறதா இல்ல."

அவர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். எழுந்து ரீலை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "சாரிங்க மேடம், எனக்குச் சொல்லல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தியதும் என் கணவர் கத்தினார். "ஒரு ஆம்பள முன்னாடி மானத்த வாங்கிட்டியே! என்னிய இன்னா சொல்லச் சொல்ற? எம்பொண்டாட்டி கடல்ல போயி தூண்டி போடறான்னு சொல்லணுமா?"

"ஆமா," என்றேன். "அதைச் சொல்லியிருந்தீங்கன்னா நான் டீ கொண்டுவந்து குடுத்திருப்பேன்."