அருவி எந்தப் பக்கம்?

சுற்றுச்சூழல் பொருளியலில் பட்டம் வாங்கிய நான், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஓர் அருவியை மதிப்பிடப் போய், இரண்டு வாரம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. போன வாரம் அதே பாடத்தை எடுத்திருக்கும் அக்கா மகள், இஞ்சி போட்ட ப்ளேன்டீயை நீட்டி, "மாமா, இதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று கேட்டாள். இஞ்சி வாசம் மூக்கில் ஏற, உண்மை வாயில் வந்துவிட்டது.

அது 'நானா' கடை வாசம்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பாதை வளைவில் தகரக்கூரை போட்ட தேத்தண்ணிக் கடை அவருடையது. பயிற்சிக்கு வந்த எனக்கு அங்கேதான் ஒரு பெஞ்சு. அருவி பார்க்க வருகிறவர்களிடம் எங்கிருந்து வந்தீர்கள், வர என்ன செலவு என்று விசாரிக்க வேண்டும். அதை வைத்து அருவியின் மதிப்பைச் சொல்லலாம். வேலை பிடித்தால் ஆய்வு நடத்திய மேடம் நிரந்தரமாக வைத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் தோட்ட ஆபீசில் அப்பா பேசி வைத்திருந்த கிளாக்கர் வேலை. அதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

இரண்டு வாரமும் மூடுபனி. எங்கள் ஊர் பூண்டுலோயாவிலிருந்து அந்த வழியாகப் பஸ் ஏறினால் தூங்கிவிடுகிற பிறவி நான். அந்த அருவியை முன்பின் பார்த்ததில்லை. "எங்க தம்பி அருவி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், சத்தம் வந்த திக்கில் கை காட்டினேன். சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வருகிறது என்று பொருளியலில் யாரும் சொல்லித் தரவில்லை. குடும்பம் குடும்பமாக நின்று வெள்ளைப் பனியைப் படம் பிடித்தார்கள்.

மேடம் வந்த அன்றும், "அந்தா, அந்தப் பக்கம் மேடம்" என்று கை நீட்டினேன். அந்நேரம் பார்த்துப் பனி விலகியது. நான் காட்டிய இடத்தில் தேயிலை மலையும் ஒரு மாடும். மேடம் என் தலைக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளாக்கர் நாற்காலி கண்ணில் தெரிய, "நீங்களாவது சொல்லியிருக்கலாமே நானா?" என்றேன்.

"அருவி தெரிஞ்சா போட்டோ புடிச்சிட்டுப் போயிருவாங்க தம்பி. தெரியாட்டித்தான் இன்னொரு டீ கேப்பாங்க."

மேடத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதையும், பொழுது போகாமல் நான் குறித்து வைத்திருந்தேன். அதைப் புரட்டிவிட்டு, "பாக்க முடியாத ஒன்னுக்கு இவ்வளவு நேரம் நின்னிருக்காங்களே, நாம தேடுன மதிப்பு இதுதான். நீங்க இங்கயே இருங்க. திசைய மட்டும் வேற யாருகிட்டயாவது கேட்டுக்கங்க" என்றார்.

அன்று தொடங்கிச் சேறு, சதுப்பு, சிறுத்தை என்று சந்தையில் விற்காத எல்லாவற்றுக்கும் விலை போட்டுப் பிழைக்கிறேன்.

கதையைக் கேட்டவள் இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றாள். ஞாயிறன்று போனோம். நானாவும் இல்லை, கடையும் இல்லை. கம்பித் தடுப்பும், அம்புக்குறி போட்ட பலகையும் இருந்தன. துளி மூடுபனி இல்லை. மேலே ஆற்றை மின்சாரத்துக்குத் திருப்பிவிட்டதில், அம்புக்குறி காட்டிய பாறையில் நூல் மாதிரி ஏதோ கசிந்துகொண்டிருந்தது. அக்கா மகள் அதைப் பார்த்தாள். திரும்பி, அன்று நான் காட்டிய பக்கத்தையும் பார்த்தாள். அங்கே தேயிலை மலை. ஒரு மாடும் நின்றது.

"இப்ப நீங்க காட்டுன பக்கமே தேவல மாமா," என்றாள். "மாடாவது இருக்கு."