பேங்க் அக்கா

தையல் ஆலையில் காலர் தைக்கும் அவளுக்கு விடுதி அறைப் பெண்கள் வைத்த பெயர் பேங்க் அக்கா. சம்பளம் வாங்கியதும் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தை, அவள் ஊர்க்காரிகளான அந்த ஏழு பேரும் அவள் கட்டிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவள் தன் பணத்தையும் சேர்த்து, மூலைக்கடையில் கட்டி, கைபேசி வழியாக ஊரிலுள்ள தம்பிக்கு அனுப்புவாள். அவன் வீடு வீடாகக் கொடுத்துவிடுவான். ஆளுக்கொரு முறை அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் பணம் அனுப்பும் கம்பெனி கட்டணம் பிடுங்கும். மொத்தமாக அனுப்பினால் ஒரே கட்டணம். இந்த யோசனை தன்னுடையது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். இருந்துவிட்டுப் போகட்டும், வேறெதற்கு அவளை யார் பாராட்டினார்கள்?

அந்த மாதம் தம்பி எண்ணை மாற்றியிருந்தான். புது எண்ணென்றால் முதலில் சில்லறைக் காசு அனுப்பி, வந்ததா என்று கேட்டுக்கொள்வது அவள் வழக்கம். அதற்கும் கட்டணம் உண்டு. ஊரார் காசில் வீண்செலவு எதற்கென்று மொத்தத்தையும் நேரே அனுப்பிவிட்டாள். ஒரே ஓர் இலக்கம் பிசகிவிட்டது.

பணம் வரவில்லை என்று தம்பி சொன்னதும் அனுப்பிய எண்ணை எடுத்துப் பார்த்தாள். தவறிப்போன அந்த எண்ணை அழைத்தாள். எவனோ எடுத்தான். அவள் அழுதழுது சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கைபேசியை அணைத்துவிட்டான். பணத்தைப் பெற்றவர் சம்மதித்தால்தான் திருப்ப முடியும் என்று கம்பெனிக்காரி தேனொழுகச் சொன்னாள். கட்டணத்தை மட்டும் ஒழுங்காகப் பிடித்திருந்தார்கள், பாவிகள்.

அறையில் விஷயத்தைச் சொன்னதும் அவரவர் கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். திட்டித் தொலைத்திருக்கலாம். பக்கத்துக் கட்டில் பட்டன்காரியின் அம்மாவுக்கு அந்த வாரம் ஆபரேஷன். தன் காதில் கிடந்ததை விற்று அவளுக்கு மட்டும் அன்றே கொடுத்தாள். மற்றவர்களுக்கு மாதாமாதம் தருவதாகக் கெஞ்சினாள். தலையாட்டினார்கள்.

அடுத்த சம்பளத்தன்று, தம்பியிடம் எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு கட்டிலில் காத்திருந்தாள். ஒருத்தியும் வரவில்லை. தேடிப் போனால், மூலைக்கடை வாசலில் ஏழு பேரும் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் பட்டன்காரி.

"தனித்தனியா அனுப்புனா எவ்ளோ பிடிப்பான்னு தெரியுமாடி?" என்று பேங்க் அக்கா கேட்டாள். குரல் அவளை மீறி உடைந்தது.

பட்டன்காரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும்க்கா. போனா போகட்டும்."